கோயில் மண்டபத்தில் ஒரு மேசைக்கு இடம் தாருங்கள்: டர்பன் கோயில், தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் வட்டாரத்துக் கோயில்களையும் தமிழ்ச் சங்கங்களையும் நடத்திவரும் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைதோறும் கோயில் கூடமொன்றில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்து வருவதால், உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். சில ஆண்டுகளாக, எந்தக் கட்சியையும் சாராத எங்கள் வட்டார வாக்காளர் குழுவிலும் வேலை செய்துவருகிறேன். அக்குழுவின் சார்பில் உங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பந்தி நடக்கும் நேரத்தில், உங்கள் மண்டபத்து ஓரத்தில், வாக்காளர் பதிவைச் சரிபார்க்க மக்களுக்கு உதவும் ஒரு மேசை போட்டு உட்கார எங்களை அனுமதிக்க வேண்டும் என்பது முதலாவது. இப்பணிக்கு ஆட்கள் தேவை என்பதை உங்கள் உறுப்பினர்களிடம், குறிப்பாக இளைஞர்களிடமும் பணி ஓய்வு பெற்றவர்களிடமும், நீங்களே அறிவிக்க வேண்டும் என்பது இரண்டாவது. நாங்கள் துண்டறிக்கை கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தலைவரோ குருக்களோ தீபாராதனைக்குப் பிறகு இரண்டு வார்த்தை சொன்னால் நின்று கேட்கிறார்கள். இதை நான் பலமுறை கண்ணால் கண்டிருக்கிறேன்.

சென்ற ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளன்று ஒரு கோயிலில் அனுமதி கேட்டோம். நிர்வாகத்தினர் மரியாதையாகத்தான் பேசினார்கள். "கோயிலுக்குள் அரசியல் வேண்டாம், டீச்சர்" என்றார்கள். எங்கள் எல்லோருக்கும் வயிறு நிறையக் கூழும் கொடுத்தார்கள். ஆகவே வெளியே நடைபாதையில், மதில் சுவரை ஒட்டி, மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டோம். முதலில் வந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். அடையாள அட்டையை வெளியில் எடுக்கவே தயங்கினார். அவருடைய கைபேசியிலேயே அவருடைய அடையாள எண்ணை அவரையே தட்டச் செய்து, தேர்தல் ஆணையத்தின் 32810 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொன்னோம். அதற்கு ஒரு ரேண்டு செலவாகும். சற்று நேரத்தில் பதில் வந்தது. அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மகன் வீட்டுக்கு வருமுன் அவர் குடியிருந்த பழைய இடத்து வாக்குச்சாவடியில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் அந்த வீட்டில் இல்லை. "நான் எங்கேயும் பதிவாகவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். அன்று மழை பிடிக்கும்வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். வந்தவர்களில் பாதிப்பேரின் நிலை இதேதான். பெயர் இருக்கிறது, முகவரி பொருந்தவில்லை. மழை வலுத்ததும் மேசையை மடித்துக் காருக்குள் வைத்துவிட்டோம். உள்ளே மண்டபத்தில் இருநூறு பேர் உட்கார இடம் இருந்தது.

அந்தக் கோயில் நிர்வாகத்தின் மீது எனக்கு வருத்தமே தவிரக் கோபம் இல்லை, ஏனென்றால் அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. தேர்தல் நெருங்கும்போது யார் யார் கோயில் படியேறுகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மாலை, மரியாதை, ஒலிபெருக்கியில் ஐந்து நிமிடம், வாசலில் கட்சிச் சட்டை, பின்னால் மளிகைப் பொட்டலம். ஒருவரை அனுமதித்தால் அடுத்தவரையும் அனுமதிக்க வேண்டும், அனுமதிக்காவிட்டால் பொல்லாப்பு. உறுப்பினர்களிடையே பிளவு வந்து பொதுக்கூட்டமே சண்டையில் முடிந்த சங்கங்களும் இருக்கின்றன. இதற்கெல்லாம் மேலாக, பொதுநல அமைப்பாக வரிவிலக்குப் பெற்ற கோயில்களுக்கு வருமான வரிச் சட்டத்தின் 30(3)(h) பிரிவு ஒரு கட்டுப்பாட்டை விதிக்கிறது. அமைப்பின் வளங்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்த அரசியல் கட்சியையும் ஆதரிக்கவோ, வளர்க்கவோ, எதிர்க்கவோ பயன்படுத்தக் கூடாது என்பது அது. பொருளாளர்கள் இப்பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் "வேண்டாம்" என்கிறார்கள்.

ஆனால் அப்பிரிவைத் தயவுசெய்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அது தடுப்பது கட்சி ஆதரவையும் கட்சி எதிர்ப்பையும். ஒரு மூதாட்டியின் பெயர் எந்த வாக்குச்சாவடியில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதை அது தடுக்கவில்லை. பதினெட்டு வயதுப் பையனுக்குப் பதிவு செய்யும் முறையைக் காட்டிக்கொடுப்பதையும் தடுக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், 1998ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் இத்தகைய பணியை வரவேற்று முறைப்படுத்தியிருக்கிறது. அதன் 42ஆம் பிரிவின்கீழ் ஓர் அமைப்பு தேர்தல் பார்வையாளராகவும், 43ஆம் பிரிவின்கீழ் வாக்காளர் கல்வி அளிப்பவராகவும் ஆணையத்தின் அங்கீகாரத்தைக் கோரலாம். பாரபட்சமின்றியும் கட்சிகளிடமிருந்தும் வேட்பாளர்களிடமிருந்தும் சுதந்திரமாகவும் செயல்படுவோம் என்று ஆணையத்துக்கு நிறைவு ஏற்படுத்தினால்தான் அங்கீகாரம் கிடைக்கும். ஆகையால் எங்களுக்கு வாசலைத் திறப்பதால் உங்கள் கோயில் கட்சிக்குள் இழுக்கப்படாது. "இங்கே கட்சிக் கூட்டம் கிடையாது, வாக்காளர் உதவி மேசை மட்டும் உண்டு, அது எல்லோருக்கும் பொது" என்று ஒரு விதியை எழுதி ஒட்டிவிட்டால், மாலையை எதிர்பார்த்து வருபவர்களுக்குச் சொல்லப் பதிலும் உங்களிடம் தயாராக இருக்கும்.

எங்கள் குழுவின் நடைமுறையையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்சியிலாவது பொறுப்பில் இருப்பவரை நாங்கள் மேசையில் உட்கார வைப்பதில்லை. உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர் வரலாம், ஆனால் கட்சி நிறமோ சின்னமோ மேலே இருக்கக் கூடாது. கட்சிப் பணமும் கட்சி வண்டியும் வாங்குவதில்லை. "யாருக்குப் போடட்டும்?" என்று கேட்பவருக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை. கேட்பது எங்களிடம் அரிச்சுவடி படித்த மாணவனானாலும் சரி, பக்கத்து வீட்டு ஆயாவானாலும் சரி, வாய் திறப்பதில்லை. யாருடைய அடையாள எண்ணையும் நாங்கள் குறித்துக்கொள்வதில்லை, அட்டையைப் படம் எடுப்பதில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதும் ஒரு காரணம், மக்கள் ஏற்கெனவே ஏமாற்றுப் பேர்வழிகளிடம் பட்டிருப்பது அதைவிடப் பெரிய காரணம். இவற்றில் ஏதேனும் ஒன்றை எங்களில் ஒருவர் மீறினாலும் அன்றே எங்களை வெளியேறச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை எழுத்திலேயே கொடுக்கிறோம்.

இப்பணியில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2024 மே 29 அன்று, எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் எண்பத்திரண்டு வயது ஆயா ஒருவரை அவருடைய பேத்தி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கு வந்தார். ஆயா பட்டுச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தார். வரிசை பள்ளி மைதானத்தைச் சுற்றி வளைந்து கிடந்தது. முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள், அதில் குறையில்லை. ஆனால் பள்ளியின் படிக்கட்டும் சரளைக்கல் பாதையும் சக்கர நாற்காலிக்கு ஒத்துவரவில்லை. நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கினார்கள். பாதி வழியில் ஆயாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. "போதும் கண்ணு, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லித் திரும்பிவிட்டார். 1994இலிருந்து ஒரு தேர்தலையும் விடாதவர் அவர். அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே, மே 27, 28 ஆகிய நாள்களில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே வாக்குப்பெட்டியைக் கொண்டுவரும் சிறப்பு வாக்குப்பதிவு நடந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆயாவுக்கு அது தெரியாது. பேத்திக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. யார் யார் வீட்டில் நடமாட முடியாத பெரியவர் இருக்கிறார் என்று எங்கள் குழுவிடம் விவரம் இல்லை. உங்களிடம் இருக்கிறது. பிரசாதத்தை யார் வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று உங்கள் மகளிர் குழுவினருக்கு மனப்பாடமாகத் தெரியும். அந்தப் பெயர்களை எங்களிடம் தரவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. பிரசாதம் கொண்டுபோகும் அதே பெண்கள், விண்ணப்பக் காலம் தொடங்கியதும் அந்த வீடுகளில் விஷயத்தைச் சொல்லி, வேண்டுமானால் விண்ணப்பிக்க உதவிவிட்டு வந்தால் போதும். நான் கேட்கும் தொண்டில் மிகப் பெரிய பகுதி இவ்வளவுதான்.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. சென்ற உள்ளாட்சித் தேர்தல் 2021 நவம்பர் 1 அன்று நடந்தது. மாநகர மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிந்த 90 நாள்களுக்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 159ஆம் பிரிவு கூறுகிறது. அதாவது 2026 நவம்பரிலிருந்து 2027 ஜனவரிக்குள். தேர்தல் தேதி அரசிதழில் வெளியாகும் நாளிலேயே வாக்காளர் பட்டியல் மூடப்பட்டுவிடும். அதற்குப் பிறகு வந்து கெஞ்சினாலும் யாரும் ஒன்றும் செய்ய இயலாது. உள்ளாட்சித் தேர்தலில் முகவரிக்கு மற்றத் தேர்தல்களைவிட மதிப்பு அதிகம். தேசியத் தேர்தலில் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வேறிடத்தில் வாக்களிக்கலாம். உள்ளாட்சியில் நீங்கள் பதிவான சாவடியில் மட்டுமே வாக்களிக்க முடியும், அந்த வாக்கு அந்த வார்டின் கவுன்சிலரைத்தான் தேர்ந்தெடுக்கும். ட்லோக்வே நகராட்சியில் 2013இல் நடந்த இடைத்தேர்தல்கள், வார்டுக்கு வெளியே இருந்தவர்கள் வார்டுப் பட்டியலில் பதிவாகியிருந்ததைச் சுட்டி அரசமைப்பு நீதிமன்றம்வரை சென்று, 2015இல் செல்லாதவை என்று தீர்ப்பான வரலாறு நம் நாட்டிலேயே இருக்கிறது. அந்த நடைபாதையில் பெரியவர் காட்டிய பழைய முகவரி சின்ன விஷயமாகத் தோன்றலாம். அவருடைய இப்போதைய வார்டில் குப்பை வண்டி எப்போது வரும் என்பதில் அவருக்கு ஒரு சொல்லும் இல்லாமல் போவது அதனால்தான்.

1999இல் நாட்டில் பதிவு செய்த வாக்காளர்களில் 89 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 2024இல் அது 58.6 விழுக்காடாக இறங்கியது. 2021 உள்ளாட்சித் தேர்தலிலோ ஏறத்தாழ 46 விழுக்காடு. நம் மக்கள் சலித்துப்போய்விட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டதில் சலிப்பைவிட வேறொன்று அதிகமாக என் காதில் விழுந்தது. "நமக்கு எதற்கு அந்தப் பேச்சு?" என்பதுதான் அது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நம் முன்னோரில் முதல் குழுவினர் 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து வந்து இறங்கினார்கள். 36 ஆண்டுகளுக்குப் பிறகு, 1896இல், இந்த வட்டாரத்தை ஆண்ட நட்டால் குடியேற்ற அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியர் என்ற சொல்லே அதில் கிடையாது. நாடாளுமன்ற வாக்குரிமையை அடிப்படையாகக் கொண்ட பிரதிநிதித்துவ அமைப்புகள் இல்லாத நாடுகளைச் சேர்ந்தவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களும் பட்டியலில் புதிதாகச் சேர முடியாது என்று சுற்றி வளைத்து எழுதி, நம்மை வெளியே தள்ளிவிட்டார்கள். 1924இல் நகராட்சி வாக்கும் போயிற்று. 1946இல் இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டத்தோடு பெயரளவுக்கு ஒரு பிரதிநிதித்துவத்தையும் சேர்த்து நீட்டியபோது, நம்மவர்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. உம்பிலோ சாலையும் கேல் தெருவும் சேரும் மூலையில், ஜூன் 13 அன்று, கூடாரம் அடித்து அமர்ந்தார்கள். டாக்டர் மான்ட்டி நாயக்கர் சிறை சென்றார். டாக்டர் குணம் சிறை சென்றார். பெயர் எழுதப்படாத தொழிலாளர்களும் காய்கறி விற்ற பெண்களுமாக இரண்டாயிரம் பேர் அளவில் சிறை சென்றார்கள்.

பிறகு வந்தவை என் வயதுக்காரர்கள் பார்த்தவை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தன. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. 1981இல் இனவெறி அரசு, உண்மையான அதிகாரம் இல்லாத தென்னாப்பிரிக்க இந்தியர் மன்றம் என்று ஒன்றை வைத்துத் தேர்தல் நடத்தியது. நான் அப்போது மாணவி. அண்ணனும் நானும் துண்டறிக்கைகளைக் காய்கறிப் பையில், முருங்கைக்காய்க்கு அடியில் வைத்துக்கொண்டு, மாலை நேரத்தில் மாடிக் குடியிருப்புகளில் கதவு கதவாகத் தட்டினோம். "வாக்களிக்காதீர்கள்" என்பதுதான் செய்தி. பத்தில் ஒருவர் அளவே வாக்களித்தார்கள். 1984 ஆகஸ்டில், வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனி அவை வைத்துக் கறுப்பினத்தவரை விலக்கிய மூன்று அவை நாடாளுமன்றத்துக்கான தேர்தலிலும் அப்படியே வேலை செய்தோம். பதிவு செய்த இந்தியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் சென்றார்கள். வாக்களிக்காமல் இருந்ததே அன்று நம் மானமாக இருந்தது. ஒரு தலைமுறைக்கு அந்த மானத்தைக் கதவு கதவாகச் சென்று சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. எல்லா இனத்தவரும் முதன்முறையாகச் சேர்ந்து வாக்களித்த 1994 ஏப்ரல் 27க்குப் பிறகு செய்தி மாறிவிட்டது என்பதை அதே உழைப்போடு, அதே கதவுகளுக்குச் சென்று நாங்கள் சொல்லவில்லை. கட்சிகள் சொல்லும் என்று விட்டுவிட்டோம். கட்சிகள் தங்களுக்கு வேண்டியதைச் சொன்னார்கள். இந்தக் கடன் எங்கள் தலைமுறைக்கு இருக்கிறது. என் முழங்கால் ஒத்துழைக்கும்வரை அடைத்துக்கொண்டிருக்க விரும்புகிறேன்.

தேர்தல் நாளோடு இப்பணி முடிந்துவிடுகிறது என்று எண்ண வேண்டாம். டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகராட்சியில் 111 வார்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலரைத் தலைவராகக் கொண்டு, பத்துப்பேர் வரை இடம்பெறும் வார்டுக் குழு அமைக்கச் சட்டம் இடமளிக்கிறது. உங்கள் வார்டுக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எங்கள் வட்டாரத்தில் கேட்டபோது பத்தில் ஒன்பது பேர் விழித்தார்கள். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்குக் குறைந்தது 90 நாள்கள் முன்பே, அதாவது மார்ச் முடிவதற்குள், வரவுசெலவுத் திட்டத்தின் வரைவை மன்றத்தில் வைத்து, பின் மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். தண்ணீர்க் கட்டணம், ரேட்ஸ் என்னும் சொத்து வரி, சாலை, வடிகால் எல்லாம் அந்த வரைவில்தான் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்பது உண்மை. ஆனால் நம் வார்டுக்கு உரிய பகுதிகள் சில பக்கங்களே. கணக்கு வாத்தியார் ஒருவரும் வங்கியில் வேலை பார்த்த ஒருவரும் இரண்டு மாலைப்பொழுதுகள் சேர்ந்து உட்கார்ந்தால், அவற்றைப் பந்தியில் உட்கார்ந்தவருக்கும் புரியும்படி ஒரு தாளில் எழுதிவிடலாம். எங்கள் குழுவில் இப்போது அப்படிப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. உங்கள் கோயில் வரவுசெலவைப் பைசா பிசகாமல் எழுதுகிற உங்கள் பொருளாளர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பாழானது. அங்கே நம் உறவினர்கள் பல மாதங்கள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். அப்போது கோயில்கள் செய்த உதவியை நான் மறக்க மாட்டேன். தண்ணீரும் சோறும் சாதி மதம் பாராமல் கொடுத்தீர்கள். ஆனால் வெள்ளம் வடிந்த பின், அந்த நிலையத்தைச் சீர்செய்ய எவ்வளவு ஒதுக்கினார்கள், வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று மன்றத்தில் விடாமல் கேட்க ஆள் வேண்டியிருந்தது. வாளி தூக்கியவர்களே கேட்டிருக்க வேண்டியவர்கள். இரண்டும் ஒரே தொண்டின் இரண்டு கைகள் என்றே நான் கருதுகிறேன்.

பார்வையாளர் பணியைப் பற்றியும் சிறிது சொல்கிறேன், இதைப் பலர் அறிந்திருக்கவில்லை. நம் நாட்டில் வாக்குகள் பெரும்பாலும் வாக்களித்த இடத்திலேயே எண்ணப்படுகின்றன. இரவு ஒன்பது மணிக்குக் கதவு மூடியதும், அதே வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப்போட்டு, கட்சி முகவர்கள் பார்த்திருக்க, பெட்டியைத் திறந்து கொட்டுகிறார்கள். முடிவு எழுதிய தாளை அங்கேயே மக்கள் பார்வைக்கு ஒட்டுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற பார்வையாளர் எண்ணிக்கை முடியும்வரை உடனிருக்கலாம். எதையும் தொடக் கூடாது, யாரிடமும் வாதாடக் கூடாது, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுக்க வேண்டும். தூக்கத்தைத் துறக்க வேண்டிய வேலை. காவடிக்கும் தீமிதிக்கும் இரவெல்லாம் கண்விழித்துக் காய்கறி நறுக்குகிற நம் இளைஞர்களுக்கு இது ஒன்றும் புதிதன்று.

இளைஞர்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. வாக்களிக்கப் பதினெட்டு வயது வேண்டும். ஆனால் பதினாறு வயதிலேயே பதிவு செய்து வைக்கலாம். உங்கள் தேவார வகுப்பிலும் பரதநாட்டிய வகுப்பிலும் பதினாறு வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். இணையத்திலும் பதிவு செய்யலாம். அவர்களுடைய கைபேசியில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவர்களே பிறகு தாத்தா பாட்டிகளுக்குச் செய்துகொடுப்பார்கள். வாக்குச்சாவடியில் கண் தெரியாத, கை நடுங்கும் முதியவர் தமக்கு உதவ ஒருவரைத் தாமே தேர்ந்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த ஒருவர் பதினெட்டு வயது நிரம்பியவராக, கட்சி முகவரோ வேட்பாளரோ அல்லாதவராக இருக்க வேண்டும். பேரனுக்கும் ஆயாவுக்கும் இதைவிட நல்ல வேலை ஒன்றை நான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இம்மடலைத் தமிழில் எழுதியதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் ஆங்கிலமே புழக்கமொழி ஆகிவிட்டது என்பதை ஒரு தமிழாசிரியை மறுக்க முடியாது. உங்கள் கூட்டங்களுக்கு ஆங்கிலப் பிரதியும் அனுப்புகிறேன். ஆனால் நம் நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் போற்ற வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த மொழியில் குடிமக்கள் கடமையைப் பற்றி ஒரு வரியும் எழுதப்படாமல், அது திருமண அழைப்பிதழிலும் சுவாமி பெயரிலும் மட்டும் வாழ்ந்தால் போதும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. சிறப்பு வாக்கு என்றால் என்ன என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து பணிபுரியும் நம் குருக்கள் அதை வாசித்துக் காட்டினால், முதியவர்கள் மகிழ்வார்கள். அவர்களுக்கு இந்நாட்டில் வாக்குரிமை இல்லாமல் இருக்கலாம். செய்தி சொல்வதற்கும் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கும் வாக்குரிமை தேவையில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழு தமிழர் குழு அன்று, இந்தியர் குழுவும் அன்று. எங்கள் வட்டாரத்திலேயே பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதி இருக்கிறது. சற்றுத் தள்ளி வெல்பெடாக்ட் இருக்கிறது. அங்கிருந்து வரும் சூலு மொழி பேசும் அக்காமார் இருவர் எங்கள் மேசையில் உட்காருகிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் வேலையில் பாதி நடக்காது. கோயில் மண்டபத்தில் மேசை போட்டால் அவர்களும் வருவார்கள், அவர்களைத் தேடி அவர்கள் அண்டை வீட்டாரும் வருவார்கள். இதற்குச் சம்மதமில்லாத இடத்தில் எங்களுக்கு மேசை வேண்டாம். 2021 ஜூலையில் கலவரத்திலும் கடைச் சூறையிலும் நம் தெருக்களில் நடந்ததைப் பார்த்த பிறகு, ஒரே வரிசையில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்காவது அறிந்திருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாக்குக்கும் கோயிலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் இன்னமும் கேட்பார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் குடவோலைத் தேர்தலின் விதிகளை மக்கள் கூடும் மண்டபச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். அது நிலமுடைய பிராமணர்களின் சபை. பெண்ணுக்கும் உழுதவனுக்கும் அதில் ஓலை கிடையாது. ஆகவே அதைப் பெருமையடித்துக்கொள்ள நான் கொண்டுவரவில்லை. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடத்துக்குள் வரக் கூடாது என்ற ஒரு விதி அந்தச் சுவரில் இருக்கிறது, அதற்காகவே நினைவூட்டுகிறேன். உங்கள் சங்கங்களும் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டி, சந்தா கட்டியவர் பட்டியலைச் சரிபார்த்து, கணக்கை வாசித்துக் காட்டி, கை தூக்கியோ சீட்டுப் போட்டோ நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த முறையை அறிந்தவர்கள் நீங்கள். அதையே வார்டுக்கும் மாநகரத்துக்கும் விரித்துச் செய்ய ஆள் தாருங்கள் என்கிறேன்.

ஒரு தொண்டரிடம் நாங்கள் கேட்பது மாதத்துக்கு இரண்டு மணி நேரம். தொடங்குமுன் ஒரு மாலைப் பயிற்சி. பதிவு நாள்கள் அறிவிக்கப்பட்டால் அந்த வார இறுதி. தேர்தலுக்கு முந்திய வாரத்தில் மட்டும் இரண்டு நாள் கூடுதலாக. கார் ஓட்டத் தெரிந்தவர், கைபேசியில் தேறியவர், சூலு பேசுபவர், பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து, வார்டு மக்கள் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்றையும் நடத்த எண்ணியிருக்கிறோம். அதைக் கோயிலில் வைக்கும்படி உங்களிடம் கேட்க மாட்டோம், பள்ளிக் கூடத்தையே கேட்போம். உங்கள் உறுப்பினர்கள் நாற்காலி அடுக்கவும், சீட்டில் எழுதி வரும் கேள்விகளை வாங்கி வைக்கவும் வந்தால் போதும்.

இம்மடலை உங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிரலில் சேர்த்து, நேரில் கேட்க விரும்பினால் என்னை அழையுங்கள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வருகிறேன். முடியாது என்று முடிவெடுத்தாலும் அதைக் காரணத்தோடு எழுதி அனுப்புங்கள், எங்கள் விதிகளில் குறை இருந்தால் திருத்திக்கொள்கிறோம். தேதி அரசிதழில் வருமுன் குறைந்தது மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாவது கிடைத்தால், உங்கள் பந்தியில் உட்காருகிற ஒவ்வொருவரின் முகவரியையும் சரிபார்த்துவிட முடியும். மேசையையும் நாற்காலிகளையும் நாங்களே கொண்டுவருகிறோம். கைபேசிகளுக்கு மின்சாரம் ஏற்ற ஒரு இணைப்பும், மழை படாத ஓரமும் இருந்தால் போதும்.

இவண்,
தங்கள் உண்மையுள்ள,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்